வில்ட்டன்ஸ் மியூசிக் ஹால்: சுவரைப் பூசாமல் விட்டது சரியா?

வைகைக்கரை:
போன வாரம் லண்டனில், டவர் ஹில் பக்கம் கிரேசஸ் ஆலி சந்தில் இருக்கும் வில்ட்டன்ஸ் மியூசிக் ஹாலுக்கு, அதாவது பாட்டும் வேடிக்கையும் நடந்த பழைய கேளிக்கை அரங்குக்குப் போனேன். தெருவில் நின்றால் பழைய வரிசை வீடுகள்தான் தெரியும். உள்ளே நுழைந்து பின்பக்கம் போனால், 1859ல் ஜான் வில்ட்டன் கட்டிய பெரிய அரங்கு. மேல்மாடத்தைத் தாங்கும் திருகு வடிவ இரும்புத் தூண்களை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. ஆனால் சுவரெல்லாம் சாயம் உரிந்து, காரை உதிர்ந்து கிடக்கிறது. 2015லேயே சீரமைப்பு முடிந்துவிட்டதாம்! மனசு ஆறவில்லை.

செங்கல்சூளை:
அது தெரிந்தே விட்டது, நண்பரே. கூரை, தரை, கட்டுமானம் எல்லாம் உறுதிப்படுத்தியாயிற்று; பழைய பூச்சைத்தான் தொடவில்லை. பூசுவதென்றால் எந்த வருஷத்து நிறத்தைப் பூசுவது? 1877ல் தீப்பிடித்தது, மறு வருஷம் திரும்பக் கட்டினார்கள். 1888ல் மெதடிஸ்ட் திருச்சபை வாங்கி 1956 வரை அங்கே ஊழியம் செய்தது. பிறகு கந்தல் துணிக் கிடங்கு.

வைகைக்கரை:
கட்டியவர் எதற்காகக் கட்டினார் என்று பாருங்கள். துறைமுகத் தொழிலாளிகளும் மாலுமிகளும் வந்து உட்காரும் இடத்தில் சுமார் 300 எரிவாயுச் சுடர்களோடு படிகச் சரவிளக்கு தொங்கவிட்டார். பகலெல்லாம் மூட்டை தூக்கியவனுக்கு ராத்திரியில் ஜொலிப்பைக் காட்டிய மண்டபம் அது. இன்றைக்குப் போகிறவர்கள், ஏழைகளின் அரங்கு அன்றும் இப்படித்தான் அழுக்காக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு திரும்புவார்கள். அதுதான் எனக்கு வலிக்கிறது.

செங்கல்சூளை:
இந்தக் கோணத்தில் நான் யோசித்ததில்லை, நியாயம்தான். ஆனாலும் மியூசிக் ஹாலாக அது ஓடியது சுமார் 20 வருஷம். திருச்சபையிடம் இருந்தது 68 வருஷம். 1889 துறைமுக வேலைநிறுத்தத்தின்போது பட்டினி கிடந்த குடும்பங்களுக்கு அங்கேதான் தினமும் ஆயிரம் சாப்பாடு போட்டார்கள். தங்கப் பூச்சு அடித்தால் அந்தக் காலம் மொத்தமும் மறைந்துபோகும்.

பழையதாள்:
குறுக்கே வருகிறேன். அந்தக் கட்டடம் நிற்பதே பெரிது. சுற்றியிருந்த வீடுகளை இடித்துத் தள்ளிய காலத்தில், 1964ல், கவிஞர் ஜான் பெட்ஜமன் போன்றவர்கள் போராடியதால் தப்பியது. 1971ல் பாதுகாக்க வேண்டிய கட்டடங்களின் பட்டியலில் சேர்த்தார்கள். புதுப்பூச்சு பின்னால் எப்போது வேண்டுமானாலும் அடிக்கலாம். சுரண்டி எடுத்த பழைய பூச்சைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

வைகைக்கரை:
சரி ஐயா, சுரண்ட வேண்டாம். ஒரு பக்கச் சுவரில் நாலடிக்காவது, பழைய மண்டபம் எப்படி மின்னியது என்று படமாக வைக்கலாமே?

செங்கல்சூளை:
படம் வைத்தால் எனக்கும் சம்மதம். சுவரில் வேண்டாம், நுழைந்ததும் இருக்கும் மஹோகனி பார் என்ற மதுக்கூடத்தில் வைக்கட்டும். ஒரு முறை ராத்திரிக் கச்சேரிக்குப் போய்ப் பாருங்கள். நீங்கள் பகலில்தானே போனீர்கள்?

வைகைக்கரை:
ஆமாம், பகலில்தான். அடுத்த மாதம் டிக்கெட் கிடைத்தால் போகிறேன். பூச்சைப் பற்றி நான் சொன்னதில் மாற்றமில்லை.