முழுநேர எழுத்து: வராத ராயல்டியும் நகராத நாவலும்

மஞ்சக்குப்பத்தான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கிறேன். புதுச்சேரியில் ஒரு தனியார் நிறுவனத்தில் பார்த்துவந்த வேலையை 2022இல் விட்டுவிட்டு எழுத்தையே தொழிலாகக் கொண்டேன். ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்ப்பு, பிறர் நூல்களுக்கு மெய்ப்புப் பார்த்தல் (அச்சுக்கு முன் பிழை திருத்துவது), இதழ்களுக்கும் தீபாவளி மலர்களுக்கும் கட்டுரை, எப்போதாவது ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாற்றை அவர் பெயரிலேயே எழுதிக்கொடுப்பது என்று வருமானத்துக்குப் பல வாய்க்கால்கள் இருக்கின்றன. எந்த வாய்க்காலில் என்றைக்குத் தண்ணீர் வரும் என்பதுதான் தெரிவதில்லை.

சென்ற வாரம் ஒரு நாள் காலையில் நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு வாசகர் அழைத்து, என் சிறுகதையில் ஆலைக்குக் கரும்பு ஏற்றிச்செல்லும் வண்டிக்காரரைப் படித்தபோது தம் தந்தையையே பார்த்ததுபோல் இருந்ததாகச் சொல்லிக் குரல் தழுதழுத்தார். அன்று மாலையே ஒரு பதிப்பகம், நான்கு மாதங்களுக்கு முன்பு நான் ஒப்படைத்த நூற்றெண்பது பக்க மொழிபெயர்ப்பை இந்த ஆண்டு வெளியிடும் எண்ணம் இல்லை என்று ஒற்றை வரியில் தெரிவித்தது. பணத்தைப் பற்றி அந்த வரியில் ஒன்றுமில்லை. இத்தகைய நாள்கள் எனக்கு இப்போது பழகிவிட்டன. ஆனால் இரண்டு செய்திகளில் மட்டும் உங்கள் அனுபவம் தேவைப்படுகிறது.

என் முதல் சிறுகதைத் தொகுப்பை நண்பர் ஒருவரின் பதிப்பகம் 2020இல் வெளியிட்டது. ஒப்பந்தம் எதுவும் எழுதிக்கொள்ளவில்லை. விலையில் பத்து விழுக்காடு ராயல்டி என்று வாய்மொழியாகப் பேசிக்கொண்டோம். பத்து அன்பளிப்புப் பிரதிகளைத் தவிர இன்றுவரை ஒன்றும் வரவில்லை. கேட்கும்போதெல்லாம், அரசு நூலகங்களுக்கு நூல் வாங்கும் நூலக ஆணைப் பணம் வரட்டும் என்கிறார். நெய்வேலி புத்தகக் கண்காட்சிக்குப் போயிருந்தபோது அதே நூலை வேறு அட்டையில் பார்த்தேன். நட்பு முறியாமல் கணக்கைக் கேட்பது எப்படி?

இன்னொன்று, நாவல். கடலூர் முதுநகரில், கப்பல்கள் கரைக்கு வராமல் கடலிலேயே நங்கூரமிட்டு நிற்க, படகுகளில் சரக்கேற்றிச் சென்று கொடுத்தவர்களின் கதை அது. பதினோராம் அத்தியாயத்தில் பல மாதங்களாக நிற்கிறது. காலை நேரம் முழுவதையும் கூலி எழுத்து எடுத்துக்கொள்கிறது. இரவில் உட்கார்ந்தால் அன்று முழுக்க மொழிபெயர்த்த ஆங்கில வாக்கியத்தின் நடை என் படகோட்டியின் வாயிலும் வந்துவிடுகிறது. ஒரு கல்லூரியில் பகுதிநேர வேலை இருப்பதாகவும் அதில் சேர்ந்துகொள்ளலாம் என்றும் வீட்டில் சொல்கிறார்கள். மறுபடியும் வேலைக்குப் போவது தோல்விதானோ என்று மனம் அடித்துக்கொள்கிறது.

முத்தியால்பேட்டை மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

நண்பருக்கு வணக்கம். இருபத்தைந்து ஆண்டுகளாகப் பிரெஞ்சிலிருந்தும் ஆங்கிலத்திலிருந்தும் மொழிபெயர்த்து வருகிறேன். நீங்கள் சொன்ன ஒற்றை வரிக் கடிதங்கள் என்னிடம் ஒரு கோப்பு நிறைய இருக்கின்றன.

ராயல்டியைப் பொறுத்தவரை, உங்கள் நிலை நீங்கள் நினைப்பதைவிட வலுவானது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 19ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். எழுத்து மூலமாக, உரிமையாளர் கையெழுத்துடன் கொடுக்கப்படாத உரிமை மாற்றம் செல்லாது என்று அது சொல்கிறது. ஆகவே, தாளில் ஒன்றும் இல்லையென்றால் உங்கள் கதைகளின் உரிமை உங்களிடமே இருக்கிறது. நம்மில் பலர் ஒப்பந்தம் இல்லாததால் நமக்கு ஒன்றுமில்லை என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் ஒன்றுமில்லாமல் நிற்பவர் பதிப்பாளர்தான். எழுதிக்கொண்ட ஒப்பந்தமாக இருந்தாலும் காலத்தைக் குறிப்பிடாவிட்டால் அது ஐந்து ஆண்டுகளுக்குத்தான், நிலப்பரப்பைக் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். ராயல்டித் தொகை எவ்வளவு என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். இதையெல்லாம் நண்பரிடம் வாதமாக வைக்கச் சொல்லவில்லை. நாம் எங்கே நிற்கிறோம் என்பது தெரிந்திருந்தால் கேட்கும் குரல் கெஞ்சலாக இருக்காது என்பதற்காகச் சொல்கிறேன்.

தொலைபேசியில் கேட்காதீர்கள். தொலைபேசியில் நட்புதான் பேசும், கணக்கு பேசாது. எத்தனை பிரதிகள் அச்சாயின, எத்தனை விற்றன, எத்தனை கையிருப்பில் உள்ளன என்று மூன்றே கேள்விகளை மின்னஞ்சலில் எழுதி, பதினைந்து நாள் கெடு கொடுங்கள். பதில் வராவிட்டால் அதையே பதிவு அஞ்சலில் அனுப்புங்கள்.

கைவிடப்பட்ட மொழிபெயர்ப்புக்கும் கூலி உண்டு. அவர்கள் கேட்டார்கள், நீங்கள் செய்து ஒப்படைத்தீர்கள். வெளியிடுவதும் வெளியிடாததும் அவர்கள் விருப்பம். இனிமேல் மூன்றில் ஒரு பங்கை முன்பணமாக வாங்காமல் முதல் பக்கத்தைத் தொடாதீர்கள். கூலியைத் தமிழ்ச் சொற்களின் எண்ணிக்கையில் பேசுகிறீர்களா, மூலச் சொற்களின் எண்ணிக்கையிலா? ஆங்கிலத்தில் ஆயிரம் சொல் என் கையில் தமிழாகும்போது எழுநூறு, எழுநூற்றைம்பது ஆகிவிடுகிறது. வேற்றுமை உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும் மொழி நம்முடையது. நான் முதல் ஆறு ஆண்டுகள் தமிழ்ச் சொல்லை எண்ணிக் கூலி வாங்கினேன். சந்தியைச் சரியாகச் சேர்த்து எழுதியதற்கே எனக்குக் கூலி குறைந்தது என்பதை ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்த்து, அன்று சாப்பிடாமல் படுத்தேன்.

மற்றொன்றையும் சொல்லிவிடுகிறேன்: நிறுவனங்கள் பத்து விழுக்காடு வரி பிடித்துக்கொண்டு கொடுத்தால், அந்தத் தொகை உங்கள் பான் எண்ணில் வரவு வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருந்தால் கணக்குத் தாக்கல் செய்து அதைத் திரும்பப் பெறலாம். என் வீட்டில் ஒரு வருடம் பொங்கல் செலவே அந்தப் பணத்தில்தான் நடந்தது.

பதினாறு பக்கம் எழுதியது:

திருப்பாதிரிப்புலியூரில் பக்க வடிவமைப்பு செய்கிறேன். ஆண்டுக்கு மூன்று நான்கு நூல்கள் சொந்தமாகவும் வெளியிடுகிறேன். ஆகவே பதிப்பாளர் பக்கத்திலிருந்தும் ஒருவர் பேச வேண்டும் என்று தோன்றியது. ஐயா சொன்ன சட்டம் சரி. ஆனால் கெடு வைத்து எழுதும் மின்னஞ்சலை முதல் அடியாக வைக்க நான் உடன்படமாட்டேன்.

இருநூறு ரூபாய் விலையுள்ள ஒரு நூலில் கடைக்காரருக்கு மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே கழிவு போகிறது. ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பாரம் ஒன்றுக்குப் பதினாறு பக்கம் என்று தாளும் அச்சும் கட்டுக்கூலியும் சேர்ந்து அதில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கின்றன. கடைகளிலிருந்து பணம் வர ஆறு மாதம் ஆகலாம்; கடையே மூடிவிட்டால் வராமலும் போகலாம். முன்னூறு பிரதிகள் முழுவதும் விற்றாலும் உங்களுக்குச் சேர வேண்டிய ராயல்டி ஆறாயிரம் ரூபாய். இதைச் சொல்வது அதைக் கொடுக்காமலிருப்பதற்கு நியாயம் கற்பிக்க அல்ல. அந்த ஆறாயிரத்தை வைத்துக்கொண்டு யாரும் மாளிகை கட்டுவதில்லை, பெரும்பாலும் அடுத்த நூலின் தாள் செலவுக்குத்தான் அதைப் புரட்டுகிறார்கள் என்பதற்காக. புரட்டுவது தவறுதான். நானும் ஒருமுறை செய்திருக்கிறேன்.

புதிய அட்டையைப் பற்றி: இப்போது ஐம்பது பிரதிகூடத் தனியாக அச்சிட்டுக்கொள்ள முடிகிறது. முன்பு ஆயிரம் பிரதிகள் ஓட்டினால் பதிப்பு எண் தெளிவாக இருக்கும். இப்போது தீரத் தீர அச்சிடுவதால், உரிமைப் பக்கத்தில் முதல் பதிப்பு என்றே இருக்க உள்ளே எத்தனை முறை அச்சாகியிருக்கிறது என்பது பதிப்பாளருக்கும் அச்சகத்துக்கும் மட்டுமே தெரியும். எனவே எத்தனை விற்றது என்று கேட்காதீர்கள். எத்தனை அச்சானது என்று கேட்டு, அச்சக ரசீதின் நகலைக் கேளுங்கள். விற்பனையை மழுப்பலாம், ரசீதை மழுப்ப முடியாது.

முதல் அடியாக நான் சொல்வது இதுதான்: நேரில் சென்று தேநீர் குடித்துக்கொண்டே, பணமாக வேண்டாம், சேர வேண்டிய தொகைக்கு ஈடாக, நூலாசிரியருக்குக் கழிவு போகக் கொடுக்கும் விலையில் பிரதிகள் கொடுங்கள் என்று கேளுங்கள். கையில் பணமில்லாத பதிப்பாளரிடமும் கிடங்கில் பிரதி இருக்கும். கல்லூரிக் கூட்டங்களுக்குப் போகும்போது நீங்களே விற்றால் ராயல்டியைவிட அதிகம் கிடைக்கும். அங்கேயே ஒரு தாளில் காலமும் விகிதமும் எழுதி இருவரும் கையெழுத்திட்டுவிடுங்கள். அவர் அதற்கும் மறுத்தால் ஐயா சொன்ன வழியில் போங்கள்.

பாகூர் ஆசிரியை எழுதியது:

கணக்கு வழக்கைப் பற்றி மேலே இருவரும் நிறையச் சொல்லிவிட்டார்கள். நான் உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் தோல்வி என்ற சொல் என்னை உறுத்தியது.

ஜெயகாந்தன் 1934இல் உங்கள் மஞ்சக்குப்பத்தில்தான் பிறந்தார். இளமையில் கம்யூனிஸ்ட் கட்சி அச்சகத்தில் எழுத்துக் கோத்தும் மெய்ப்புப் பார்த்தும் உழைத்தவர். 1906இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த புதுமைப்பித்தன் நாளிதழ் அலுவலகத்தில் ஆண்டுக்கணக்கில் மேசை வேலை பார்த்தார். புதுச்சேரியில் 1908 முதல் பத்தாண்டு வாழ்ந்த பாரதியார் அதற்கு முன்பு சென்னையில் ஒரு நாளிதழில் செய்திகளை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். கூலி எழுத்து நம் தலைமுறையின் கண்டுபிடிப்பு அல்ல. ஆனால் இந்த உதாரணங்களை வறுமைக்கு மாலை போடுவதற்காக எடுப்பவர்களை எனக்குப் பிடிக்காது. புதுமைப்பித்தன் திரைப்பட வேலைக்காகப் புனே சென்று காசநோயோடு திரும்பி 1948இல் நாற்பத்திரண்டு வயதில் இறந்தார். மாதச் சம்பளமும் மருத்துவமும் இருந்திருந்தால் நமக்கு இன்னும் எத்தனை கதைகள் கிடைத்திருக்கும் என்று நினைத்துப் பார்ப்பதே சரி.

நான் பள்ளி ஆசிரியை. விடியற்காலை நான்கரை முதல் ஆறு வரை எழுதுகிறேன். ஆறு மணிக்குப் பால்காரர் மணி அடித்தால் பேனாவை மூடிவிடுவேன். பெரும்பாலும் ஒரு பக்கம், சில நாள் நான்கு வரி. உங்கள் கேள்வியில் வேலைக்குப் போவதா வேண்டாமா என்பதைவிட முக்கியமான ஒரு வரி இருக்கிறது: மொழிபெயர்ப்பின் நடை படகோட்டியின் வாயில் வந்துவிடுகிறது என்றீர்கள். அப்படியானால் உங்கள் நாவலுக்குப் பகை வேலை அல்ல, வேலை முடிந்த பிறகான இரவு. பாடம் நடத்தும் வேலை என் வாக்கியத்தைத் தொடுவதில்லை. மெய்ப்புத் திருத்தும் வேலை நிச்சயம் தொடும், ஏனென்றால் அது என் காதுக்குள் பிறருடைய நடையை விட்டுச் செல்கிறது. எனவே நாவலை முதலிலும் கூலியைப் பிறகும் வையுங்கள். கல்லூரி வேலை அந்தக் காலை நேரத்தைத் தொடாது என்றால் தயங்காமல் சேருங்கள்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்தது. கட்டிலுக்கடியில் வைத்திருந்த இரண்டு நோட்டுப் புத்தகங்கள் ஊறி, மை கரைந்து, ஒரு குறுநாவலின் பாதி போய்விட்டது. மின்சாரம் வரும்வரை அழுதேன். பிறகு நினைவிலிருந்து எழுதினேன். எட்டு அத்தியாயம் ஐந்தாகச் சுருங்கியது. முந்தையதைவிட நன்றாக வந்ததா என்று கேட்காதீர்கள், இல்லை. போன மூன்றில் ஒன்று நல்ல அத்தியாயம். இப்போது எழுதியதை அன்றன்றே கைப்பேசியில் படமெடுத்து எனக்கே மின்னஞ்சல் செய்துவிடுகிறேன், நீங்களும் செய்யுங்கள்.

மஞ்சக்குப்பத்தான் எழுதியது:

மூவருக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன்.

பதினாறு பக்கம் சொன்னபடி முதலில் நேரில் சென்றேன். நண்பர் முகம் சிவந்துபோய், நான்கு முறை அச்சிட்டதாகவும், மொத்தம் முன்னூற்றைம்பது பிரதிகள் என்றும் அவராகவே சொன்னார். ரசீதுகளைத் தேடி எடுக்க வேண்டும் என்கிறார். நாற்பது பிரதிகளை அன்றே கொடுத்து, மீதியைக் கணக்குப் பார்த்துத் தருவதாகச் சொன்னார். தாளில் எழுதலாம் என்றதும் சற்றுத் தயங்கினார். ஆனால் கையெழுத்திட்டார், மூன்று ஆண்டுக் காலத்துக்கு மட்டும்.

மொழிபெயர்ப்பைக் கைவிட்ட பதிப்பகத்துக்கு முத்தியால்பேட்டை ஐயா சொன்ன முறையில் மின்னஞ்சல் எழுதினேன். பாதித் தொகை தருவதாகப் பதில் வந்திருக்கிறது. முழுத் தொகையைத்தான் கேட்டுத் திரும்ப எழுதியிருக்கிறேன். கெடு வரும் வெள்ளிக்கிழமை முடிகிறது. பழைய ரசீதுகளை எடுத்துப் பார்த்ததில், இதுவரை எல்லாவற்றையும் தமிழ்ச் சொல் எண்ணிக்கையில்தான் பேசியிருக்கிறேன். எவ்வளவு இழந்தேன் என்று கணக்குப் போடவில்லை; ஐயாவைப் போல் சாப்பிடாமல் படுக்க எனக்குத் துணிவில்லை.

கல்லூரி வேலை பிற்பகல் இரண்டு மணிக்குத்தான் தொடங்குகிறது, வாரத்தில் மூன்று நாள். சேர்ந்துவிட்டேன். காலை ஐந்து மணிக்கு எழுவது ஆசிரியை அம்மாவுக்கு எளிது போலிருக்கிறது. எனக்கு ஒன்பது நாளில் ஐந்து நாள்தான் முடிந்தது. அந்த ஐந்து நாளில் பதினோராம் அத்தியாயம் ஏழு பக்கம் நகர்ந்தது. அவற்றில் இரண்டு பக்கங்களில் படகோட்டி இன்னும் மொழிபெயர்ப்பு நடையில்தான் பேசுகிறான், அவற்றை நாளை திருத்த வேண்டும்.