உப்புக்காற்றும் வேப்பம்பூவும்: வீட்டில் காருக்குப் பெயின்ற் திருத்தினவர்கள் சொல்லுங்கள்

உவர்மலை வாசி:

சித்திரை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில், பிரெட்றிக் கோட்டைக்குள் மர நிழலில் காரை விட்டுவிட்டு மேலே நடந்தோம். திரும்பி வந்தால் பின்கதவுக்குப் பக்கத்தில் ஒரு கொம்பு மான், ஒன்றும் தெரியாததுபோல் நிற்கிறது. கதவில் மூன்று கோடு. மான்தான் கீறியது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். கராஜில் சொன்னபோது சிரித்தார்கள். மனைவி மட்டும், "சிவன்ர கையில இருக்க வேண்டியது உங்கட கதவுக்கு வந்திட்டுது" என்றாள்.

கார் 2007 ரொயோட்டா அக்ஸியோ, வெள்ளி நிறம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்தார்கள், என் பொக்கற்றுக்குத்தான் திறக்கவில்லை. ஆகவே இருப்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கராஜில் கதவு முழுக்க அடிக்க வேண்டும், மூன்று நாள் விட வேண்டும் என்றார்கள். மூன்று கோட்டுக்கு ஒரு முழுக் கதவா என்று நானே இறங்கிவிட்டேன்.

முதலில் நகத்தால் தடவிப் பார்த்தேன். இரண்டு கோட்டில் நகம் வழுக்கிக்கொண்டு போனது. மூன்றாவதில் மாட்டியது. மாட்டாவிட்டால் கீறல் பெரும்பாலும் நிறத்துக்கு மேலே இருக்கும் நிறமில்லாத பூச்சான கிளியரில்தான். மாட்டினால் நிறம் வரை, சிலவேளை அதற்கும் கீழே போயிருக்கும். அந்தக் கிளியரே 40, 50 மைக்ரோன்தான். நல்ல தடித்த தலைமயிர் ஒன்றின் அளவுகூட வராது. இதைத் தேய்க்கத் தொடங்கிய பிறகுதான் தெரிந்துகொண்டேன் என்பது வேறு கதை.

மேலோட்டமான இரண்டும் சுலபம். 3000 நம்பர் வாட்டர் பேப்பரை, அதாவது நனைத்துத் தேய்க்கிற மிக நைசான அரத்தாளை, சவர்க்காரத் தண்ணீரில் ஊறவிட்டு, மகனின் அழிறப்பரில் சுற்றி, கீறலுக்குக் குறுக்காக மெல்ல மெல்லத் தேய்த்தேன். அந்த இடம் பால் ஊற்றியதுபோல் மங்கிவிடும். முதல் தடவை செய்கிறவருக்கு வயிறு கலங்கும். பயப்படாதீர்கள். கட்டிங் கொம்பவுண்ட் என்ற தேய்க்கும் பசை வைத்துப் பழைய பெனியனால் கால் மணி நேரம் தேய்க்க, முகம் தெரிகிற அளவுக்குத் திரும்பி வந்தது.

மூன்றாவதுதான் என்னை அலைக்கழித்தது. கதவுத் தூணில் ஒட்டியிருந்த 1எஃப்7 என்ற நிறக் குறியீட்டைக் கொடுத்து, ஸ்பிரே டின்னில் கலந்து வாங்கினேன். காற்று எழும்ப முன் அடிக்கவேண்டும் என்று காலை ஆறு மணிக்கு முற்றத்தில் அடித்தேன். காற்று இல்லைதான். ஆனால் பனி! பெயின்றில் கலந்திருக்கும் தின்னர் ஆவியாகும்போது தகடு குளிர்ந்து காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளுமாம். வெள்ளைப் படலம் பூத்துவிட்டது. தேய்த்து எடுத்துவிட்டு, மறுநாள் நல்ல வெயில் வரட்டும் என்று பதினொரு மணிக்கு அடித்தேன். கடற்காற்று எழும்பி, பக்கத்து வளவு வேம்பு தன் பூவையெல்லாம் என் கதவில் கொட்டியது. வடகத்துக்குக் காய வைத்ததுபோல் இருந்தது.

மூன்றாம் தடவை எட்டரை மணி. போர்ட்டிக்கோவுக்குள் காரைத் தள்ளி, தூசி எழும்பாமல் நிலத்துக்குத் தண்ணீர் தெளித்து, இரண்டு பழைய சேலையை மறைப்பாகக் கட்டி, ஒரு சாண் தூரத்திலிருந்து மெல்லிய பூச்சாக ஐந்து தடவை, ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம் விட்டு அடித்தேன். பிறகு மேலே கிளியர். பனி போய்க் காற்று எழும்ப முன் உள்ள அந்த ஒரு மணி நேரம்தான் எங்கள் ஊரில் பெயின்ற் அடிக்கும் நேரம் என்று இப்போது யார் கேட்டாலும் சொல்வேன். கீழே மட்டும் ஒரு துளி ஒழுகி நின்றது. உடனே துடைக்கக் கை பரபரத்தது. ஒரு கிழமை விட்டுக் காயவைத்து, அந்தத் துளியின் தலையை மட்டும் பேப்பரால் சீவினேன்.

உங்கள் கதைகளையும் சொல்லுங்கள்.

கிண்ணியாக்காரன்:

அண்ணன், உங்களுக்கு வேப்பம்பூ, எனக்கு மீன்கண். நான் கதையை மாற்றவில்லை, அதற்குப் பெயரே அதுதான். முன் பம்பரில் அடித்த பெயின்ற் அங்கங்கே விலகி, வட்டம் வட்டமாகக் குழி விழுந்தது. மீன் ஏற்றுகிற வான் என்பதால் ஊரில் எல்லோருக்கும் நல்ல பகிடி.

காரணம், முதல்நாள் ரயருக்குப் போட்ட பொலிஷ். அதில் உள்ள சிலிக்கோன் காற்றில் பறந்துபோய் பம்பரில் படிந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, சவர்க்காரத்துக்கும் சுலபத்தில் போகாது. மச்சான் கை கழுவுகிற சனிரைசரால் துடைத்துத் தந்தான். அதில் கிளிசரின் இருக்கிறதாம், இன்னும் மோசம். கடைசியில் எல்லாவற்றையும் தேய்த்து இறக்கி, ஐசோபுரொபைல் அல்கஹோலால் இரண்டு துணி வைத்துத் துடைத்தேன்: ஈரத் துணி ஒன்று, பின்னாலேயே காய்ந்த துணி ஒன்று. அதற்குப் பிறகு அடித்த பெயின்ற் விலகாமல் நின்றது.

நிலாவெளி டீச்சர்:

நான் பெயின்ற் அடிக்கவில்லை, கெடுத்த கதைதான் என்னிடம் இருக்கிறது. பாடசாலையில் மரத்துக்குக் கீழேதான் கார் நிற்கும். பொனற்றில் காகம் எச்சம் போட்டு, வெள்ளிக்கிழமை கவனிக்காமல் விட்டு, திங்கள் பார்த்தால் கல்லாகக் காய்ந்திருந்தது. குசினியில் இருந்த பச்சை ஸ்கிரப்பரை எடுத்துத் தேய்த்தேன். எச்சம் போனது. கூடவே பளபளப்பும் போனது. சோற்றுப் பானையைத் தேய்த்த மாதிரி ஒரு வட்டம்.

தம்பிதான் 2500, பிறகு 3000 என்று தேய்த்து, கொம்பவுண்ட் போட்டு மீட்டுத் தந்தான். ஆனால் எச்சத்தின் அச்சு ஒன்று இன்னும் இருக்கிறது. வெயிலில் பெயின்ற் இளகும், இரவில் இறுகும். எச்சத்தில் உள்ள அமிலம் அதற்குள் அரித்துவிடும் என்றான். அதன் ஆழத்துக்குத் தேய்த்தால் கிளியரே மிஞ்சாதாம். அதனால் அப்படியே விட்டுவிட்டோம். இப்போது காரில் ஒரு தண்ணீர்ப் போத்தலும் பழைய துணியும் வைத்திருக்கிறேன். ஊறவிட்டு எடுத்தால் துணியோடு வந்துவிடும், தேய்க்கவே வேண்டாம்.

பழைய பாஸ்:

பிள்ளைகள் கெட்டிக்காரர்தான். ஆனால் இரண்டு விஷயத்தில் பகிடி வேண்டாம்.

இறுக வைக்கிற ஹார்ட்னரைக் கலந்து அடிக்கிற இரண்டு டின் கிளியர் இருக்கிறதே, அதில் ஐசோசயனேட் என்ற இரசாயனம் இருக்கிறது. துணி மாஸ்க் அதற்குக் காணாது. மணம் வராவிட்டாலும் நெஞ்சைப் பிடிக்கும், ஒரு தடவை பிடித்துவிட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலே இழுக்கும். என்னோடு வேலை செய்த ஒருவர் அப்படித்தான் ஸ்பிரே கன்னைக் கீழே வைத்து வேலையை விட்டார். வீட்டில் அதைத் தொடாதீர்கள்.

மற்றது கறள். கடற்கரைப் பக்கம் ஓடுகிற காரில் பெயின்ற் கொப்புளம்போல் எழும்பினால் அது பெயின்ற் பிழை இல்லை, கீழே இரும்பு தின்னப்படுகிறது. பளபளவென்ற தகடு தெரியும்வரை உரித்து, முதல் பூச்சாகப் பிரைமர் போட்டுத்தான் அடிக்க வேண்டும். அதைச் செய்யாமல் மேலே அடித்தால் அடுத்த வாடைக்கு முன் திரும்ப வரும்.

அப்புறம் உவர்மலைத் தம்பி, வெள்ளி நிறத்தில் தொடங்கியிருக்கிறீர்கள். அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். உள்ளே உள்ள அலுமினியத் துகள் எப்படிப் படுக்கிறதோ அப்படித்தான் நிறம் தெரியும். ஒரே டின், இரண்டு கை, இரண்டு நிறம். சாதா வெள்ளை என்றால் குழந்தைகூடத் திருத்தும். முத்து வெள்ளை வைத்திருப்பவர்கள் மூன்று அடுக்கு என்று தெரிந்துகொண்டு கை வையுங்கள்.

விளிம்புகளுக்கும் மடிப்புகளுக்கும் ரேப் ஒட்டிவிட்டுத் தேயுங்கள். அங்கேதான் பெயின்ற் மெல்லிசு.

உவர்மலை வாசி:

பாஸ் அண்ணை சொன்னது சரி. நேரே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. பின்சக்கரத்துப் பக்கம் குந்தியிருந்து பார்த்தால், நான் அடித்த இடம் ஒரு உள்ளங்கை அளவு இருண்டு தெரிகிறது. குந்தியிருந்து பார்க்கிறவர் என் மைத்துனர் ஒருவர்தான்.

நேற்று திரும்பவும் கோயிலுக்குப் போனோம். மானுக்குப் பயந்து காரைக் கோட்டை வாசலுக்கு வெளியே விட்டேன். வந்து பார்க்கிறேன், பொனற்றுக்கு மேல் ஒரு ஆடு.

டீச்சர், தம்பியிடம் கேட்டுச் சொல்லுங்கள், குளம்பு அடையாளத்துக்கு 2500 காணுமா?