பனியா, மூடுபனியா, உறைபனியா?

குன்னூர்வாசி:
ஒரு சிறுகதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஊட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஹட்டி (படகர் கிராமம்), ஜனவரி மாத விடியற்காலை. கொஞ்சம் தேயிலை வைத்திருக்கும் ஒரு அம்மா கதவைத் திறக்கிறார். 'எங்கும் மூடுபனி படர்ந்திருந்தது. கொழுந்தெல்லாம் போச்சு என்று நினைத்தாள்.' ஏதோ இடறுகிறது. வெறும் 'பனி' போதுமா?

தேயிலைக்காரர்:
மூடுபனி கொழுந்தைக் கருக்காது, உறைபனிதான் கருக்கும். இரண்டும் சேர்ந்து வருவதும் அபூர்வம். மேகமோ மூடுபனியோ இருந்தால் நிலத்துச் சூடு மேலே போகாமல் தங்கிவிடும். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும் ராத்திரியில்தான் உறைபனி விழும். அதனால் உங்கள் அம்மாவுக்கு நட்சத்திரம் தெரிய வேண்டும், புல் வெளுத்திருக்க வேண்டும், மிதித்தால் நறநறக்க வேண்டும். கருகல் அப்போதே தெரியாது, வெயில் ஏறிய பிறகுதான் இலை பழுப்பாகும். அவர் பயப்படுவது அதற்குத்தான். மூடுபனியை ஜூலை மழைக் காட்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கோத்தகிரி வாசகி:
வினைச்சொல்லையும் பாருங்கள். 'படர்வது' நகர்கிற பொருளுக்குப் பொருந்தும். உறைபனி அசையாது, 'படிந்திருந்தது' சரி. ஆனால் அந்த அம்மா வாயில் 'உறைபனி' வேண்டாம், செய்தித்தாள் வாசனை அடிக்கும். 'பனி விழுந்துடுச்சு' என்று சொல்லட்டும்.

குன்னூர்வாசி:
சரி, இப்படி மாற்றினேன்: 'புல்லெல்லாம் வெளுத்துக் கிடந்தது. பனி விழுந்துடுச்சு என்றாள். வெயில் வருவதற்குள் என்ன செய்ய முடியும் என்று தோட்டத்தைப் பார்த்தாள்.' உறைபனி என்ற சொல்லே தேவைப்படவில்லை. நட்சத்திரத்தை முந்தின ராத்திரிக் காட்சியில் சேர்க்கிறேன்.