பொருள்: ‘கொஞ்சம் பருமன்’ என்று கண்ணுக்குப் படும் அளவு – ஒரு சொல் வேண்டும் (பேசுவோர் அவரவர் ஊர்ப்பெயரால்)

பாளையங்கோட்டை:
உளவியல் பாடக்குறிப்பு திங்கள் காலை அச்சுக்குப் போகிறது. இரண்டு உடலுருவங்களில் ‘இது பருமன்’ என்று கண் பிடிக்கிற மிகக் குறைந்த வேறுபாட்டுக்குச் சொல் வேண்டும். எவ்வளவு கூடினால் புலனுக்குத் தெரியும் என்று சொல்லும் வேபர் விதிப்படி அது நிலையான அளவன்று, விகிதம். பேச்சுக்கு 5 விழுக்காடு என்றால், உடல் நிறை குறியெண் (உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் BMI) 20 உள்ளவரிடம் 1 கூடினாலே தெரியும். 40 உள்ளவரிடம் 2 கூடவேண்டும். ‘உருவ வேற்றுமை வாயில்’ (வாசல் என்ற பொருளில்) சரிவருமா?

தென்காசி:
வேண்டாம் அண்ணாச்சி. வேற்றுமை என்றதும் பிள்ளைகள் ஐ, ஆல், கு என்று ஆரம்பித்துவிடும். பக்கத்தில் ‘உரு’ வேறு நிற்கிறது. ‘தெரிவேறுபாடு’ போடுங்கள். வினைத்தொகை, முக்காலமும் அடங்கும்.

அம்பாசமுத்திரம்:
தெரி என்றால் தேர்ந்தெடு என்றும் பொருள். உடம்புக்கு நம் பக்கத்துச் சொல்லே ‘மேல்’. ‘மேலுக்குச் சரியில்ல’ என்கிறோமே. மேனியும் அதன் உறவுதான் என்பது என் கட்சி. யாக்கையோ யாத்தலில், அதாவது கட்டுதலில் பிறந்தது. ஆகவே ‘மேல்வேறு’.

தென்காசி:
மேல் வேறு, கீழ் வேறு என்று தையற்காரரிடம் துணி கொடுத்தது மாதிரி இருக்கிறது. ஒல்லிக்கும் தடிக்கும் நடுவே ‘பூசினாப்ல’ என்று ஒரு படி வைத்திருக்கிற ஊர் இது. அதைவிட நுட்பமாகவா நாம் பேசப்போகிறோம்?

திருச்செந்தூர்:
சொல் இருக்கட்டும், செய்முறையைத் திருத்துங்கள். அமெரிக்க மனநல மருத்துவர் ஸ்டங்கார்டு குழுவின் 1983ஆம் ஆண்டு 9 உருவப் படங்கள், மெலிவு முதல் பருமன் வரை வரிசையாக நிற்பவை, இதற்கு ஆகாது. அவை ‘இதில் நீ எது’ என்று கேட்க வந்தவை. படிக்குப் படி இடைவெளி அதிகம். இணை இணையாகக் காட்டுங்கள்: ஒரே உயரம், ஒரே உடை, முகம் கூடாது, அரை விநாடி. பருமனான படம் இடமா வலமா என்பதை மாற்றி மாற்றி, ஒவ்வோர் இணையும் 20 முறை. ‘எது பருமன்’ என்றதற்கு விடை நூற்றுக்கு 75 சரியாக வரும் இடமே எல்லை. முன்னதாக மெலிந்த படங்களையே பார்க்கவிட்டால் கண் அதற்குப் பழகி, சாதாரண உடம்பையும் பருமனாகக் காணும், முடிவு கெட்டுவிடும். கட்டம்போட்ட சட்டையும் வேண்டாம்.

அம்பாசமுத்திரம்:
‘கண்திட்டம்’ என்ற சொல்லை ஏன் யாரும் எடுக்கவில்லை?

பாளையங்கோட்டை:
அது மதிப்பிடுதல் வே, மதிப்பீடு தவறும் எல்லை அன்று. ஞாயிறு இரவு மணி 11. ‘தெரிவேறுபாட்டு எல்லை’க்கு மூன்று பேர் சரி என்கிறார்கள், மற்றவர்கள் தூங்கிவிட்டார்கள். அனுப்புகிறேன்.

அம்பாசமுத்திரம்:
அனுப்பும். ‘மேல்’ விஷயத்தை நான் இன்னும் விடவில்லை.