ஜி செவன் கார்ட் சி-யில் வந்து சேரும்போது மட்டும் பாட்டு முடிந்ததாக ஏன் தோன்றுகிறது?

கேள்வி:
வணக்கம். ஓராண்டாகக் கீபோர்டு பயின்று வருகிறேன். சி மேஜரில் ஜி செவன் கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் தொகுப்பை) வாசித்துவிட்டு சி-க்கு வந்தால், பாட்டு முடிந்தது என்று காதுக்கே தெரிகிறது. அதே ஜி செவனிலிருந்து ஏ மைனருக்குப் போனால் முடிவு தள்ளிப்போகிறது. எஃப்-இலிருந்து சி-க்கு வந்தாலும் முடிகிறது, ஆனால் அவ்வளவு அழுத்தமாக இல்லை. ஸ்கேலின் ஐந்தாவது சுரத்தில் அமைந்த கார்டிலிருந்து முதல் சுரத்தில் அமைந்த கார்டுக்கு வருவதே கேடன்ஸ், அதாவது இசை வரியின் முடிப்பு, என்று வகுப்பில் விதியாகச் சொன்னார்கள், காரணம் சொல்லவில்லை. ஏ மைனர் ஸ்கேலில் ஈ மைனர், ஏ மைனர் என்று அந்த விதிப்படியே வாசித்தும் முடிவு அழுத்தமாக விழாததால் கேட்கிறேன்.

மறுமொழி 1:
கார்டின் பெயரைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, அதனுள் இருக்கும் ஒவ்வொரு சுரமும் எங்கே போகிறது என்று கவனியுங்கள். ஜி செவனில் ஜி, பி, டி, எஃப் உள்ளன. பி, எஃப் இரண்டை மட்டும் இரு விரல்களால் அழுத்துங்கள். ஆறு அரைச்சுர இடைவெளி கொண்ட, ட்ரைடோன் எனப்படும் அந்த ஜோடி நிலைகொள்ளாமல் தவிக்கும். இப்போது பி-யை ஓர் அரைச்சுரம் ஏற்றி சி-க்கும், எஃப்-ஐ ஓர் அரைச்சுரம் இறக்கி ஈ-க்கும் கொண்டுவாருங்கள், தவிப்பு அடங்கிவிடும். ரெசல்யூஷன் என்பது இதுதான். சங்கராபரணம் பாடியவர்களுக்கு, காகலி நிஷாதம் மேல் சட்ஜத்தைத் தேடுவதாகச் சொன்னால் உடனே பிடிபடும்.

ஏ மைனரிலும் சி, ஈ இரண்டும் இருக்கின்றன என்பதால், அங்கே போகும்போதும் ட்ரைடோன் அடங்கத்தான் செய்கிறது. ஆனால் பேஸ் (அடியில் ஒலிக்கும் சுரம்) மட்டும் ஜி-யிலிருந்து சி-க்குப் போகாமல் ஏ-க்கு ஏறிவிடுகிறது. மேலே வீடு வந்து சேர்ந்துவிட்டது, கீழே அடித்தளம் வேறிடத்தில் நிற்கிறது; அதனால்தான் அதற்கு டிசெப்டிவ் (ஏமாற்றும்) கேடன்ஸ் என்று பெயர். எஃப் கார்டில் பி கிடையாது. எஃப் ஈ-க்கும், ஏ ஜி-க்கும் இறங்க, சி அசையாமல் நிற்கிறது. தேவாலயப் பாடல்களின் இறுதியில் 'ஆமென்' பாடும்போது கேட்கும் அமைதி அதுவே.

ஈ மைனரில் உள்ள ஜி, ஏ-க்கு ஒரு முழுச்சுரம் கீழே இருப்பதால் இழுப்பு குறைவு. ஈ மேஜர் வாசியுங்கள். ஜி ஷார்ப் அரைச்சுரத் தொலைவில் வந்து நிற்கும். ஹார்மோனிக் மைனர் என்னும் ஸ்கேலில் ஏழாம் சுரம் உயர்த்தப்படுவது இதற்காகவே.

மறுமொழி 2:
மேற்கண்ட விளக்கத்தோடு உடன்படுகிறேன். ஆயினும் மேற்குரலை, அதாவது மேலே ஒலிக்கும் சுரத்தை, விட்டுவிட வேண்டாம். ஜி-யிலிருந்து சி-க்கு வரும்போது, இரு கார்டுகளிலும் ரூட் சுரமே (கார்டுக்குப் பெயர் தரும் சுரமே) பேஸில் இருந்து, முடிவில் மேற்குரலும் சி-யில் நின்றால்தான் அதைப் பெர்ஃபெக்ட் ஆதென்டிக் கேடன்ஸ் என்பார்கள். மேலே ஈ அல்லது ஜி நின்றால், கார்ட் அதுவேயானாலும் முடிவு சற்றுத் திறந்தே இருக்கும். தாளத்தில் சி எந்த இடத்தில் விழுகிறது என்பதும் முக்கியம். வலுவற்ற அடியில் விழுந்தால் அது கடந்து போகும் கார்டாகவே கேட்கும்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. ஈ மேஜர் வாசித்துப் பார்த்தேன். ஜி ஷார்ப் விரல் ஏ-க்கு நகர்ந்ததுமே தேடிய முடிவு கிடைத்துவிட்டது. சி கார்டை இதுவரை ஈ மேலே வரும்படியே வாசித்து வந்திருக்கிறேன் என்பதையும் இன்றுதான் கவனித்தேன்.