புதுப்பிப்பு: சுடுமண் ஜிமிக்கியும் காது அரிப்பும்

நான் செய்து விற்கும் சுடுமண் ஜிமிக்கியைப் போட்டால் சிலருக்குக் காது அரிக்கிறது, காரணம் மண்ணா, பெயின்ட்டா என்று முன்பு கேட்டிருந்தேன். கொக்கியைப் பாருங்கள் என்று பலர் சொன்னீர்கள். அதேதான்: கொக்கியின் உலோகத்திலிருந்து கசியும் நிக்கல்தான் சிலருக்கு அலர்ஜியாகி அரிக்கிறது.

நிக்கலைக் கண்டுபிடிக்கும் டைமெத்தில்கிளையாக்சிம் சோதனைக் கரைசல் வாங்கினேன். பஞ்சுக் குச்சியில் ஓரிரு சொட்டு விட்டுக் கொக்கியில் தேய்த்தால், நிக்கல் வெளிவரும்போது பஞ்சு இளஞ்சிவப்பாகிறது. மொத்தக் கடையில் 'அலர்ஜியே வராது' என்று அடித்துச் சொல்லிக் கொடுத்த தங்க முலாம் கொக்கி பளிச்சென்று ரோஜா நிறம் காட்டியது. முலாமோ மெல்லிசு, அடியில் நிக்கல். வியர்வையும் பட்டால் கேட்கவா வேண்டும்!

சரி, இப்போது 316எல் என்ற வகைத் துருப்பிடிக்காத ஸ்டீல் கொக்கிக்கு மாறியாச்சு. இதிலும் 10 சதவீதத்துக்குக் குறையாமல் நிக்கல் உண்டு. ஆனால் வெளியே விடுவது மிகக் குறைவு. ஐரோப்பிய விதிகூட உலோகத்தில் எவ்வளவு நிக்கல் இருக்கிறது என்று பார்ப்பதில்லை, எவ்வளவு கசிகிறது என்றுதான் பார்க்கிறது: துளையிட்ட காதில் போடுவதற்கு, சதுர சென்டிமீட்டருக்கு வாரம் 0.2 மைக்ரோகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும். அதனால் அட்டையில் 'நிக்கல் இல்லாதது' என்று போட மாட்டேன். யார் சொன்னாலும் சரி. ஸ்டீலும் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு டைட்டானியம் இருக்கிறது, விலை கூடுதல் என்பதால் கேட்டால் மட்டும்.

ஜோடிக்குக் கொஞ்சம் விலை ஏற்றினேன், யாரும் முணுமுணுக்கவில்லை. அப்புறம், ஏற்கெனவே வாங்கியவர்களுக்குக் கொக்கி இலவசம். வீட்டிலேயே மாற்றுபவர்கள், கொக்கியை ஜிமிக்கியோடு இணைக்கும் சின்ன வளையத்தைக் குறடால் பக்கவாட்டில் திருகித் திறங்கள். இழுத்து விரித்தால் வட்டம் கெட்டுவிடும்.