1915 டுகாட் காசில் உள்ள 'கால். லோட். இல்.' எந்த நாடுகள்?

குடியாத்தம் காசு:
வேலூர் நாணயக் கண்காட்சிக்கு விவரச் சீட்டு எழுதுகிறோம். ஆஸ்திரியப் பேரரசர் பிரான்ஸ் யோசேப்பின் ஒரு டுகாட் தங்கக் காசு, 1915. கழுகைச் சுற்றி 'ஹுங்கார். பொஹெம். கால். லோட். இல். ரெக்ஸ் ஆ. ஆ.' என்று இருக்கிறது. முதல் இரண்டும் ஹங்கேரி, பொஹீமியா. 'கால்' ஸ்பெயினின் கலீசியாவா? மற்றவை? இன்றைய நாட்டுப் பெயரை மட்டும் போட்டால் போதுமா?

கோட்டை அகழி:
ஸ்பெயின் இல்லைங்க. இது உக்ரைனின் ஹாலிச் நகரிலிருந்து வந்த கலீசியா. 'லோட்' லொதோமேரியா, அதாவது வொலோதிமிர் நகரத்து நாடு. ஹங்கேரி மன்னர்கள் 13ஆம் நூற்றாண்டிலேயே இரண்டுக்கும் பட்டம் சூட்டிக்கொண்டார்கள். 1772இல் போலந்தைப் பங்கு போட்டபோது ஆஸ்திரியா அந்தப் பழைய பட்டத்தைக் காட்டித்தான் உரிமை கேட்டது. ஆனால் வொலோதிமிர் நகரம் ஆஸ்திரியாவுக்குக் கிடைக்கவே இல்லை, 1795இல் ரஷ்யாவுக்குப் போனது. 'இல்' இல்லிரியா, 1816இல் லியுப்லியானாவைத் தலைநகராக வைத்து அமைத்த அரசு. அது 1849இலேயே கலைந்துவிட்டது, பட்டம் மட்டும் காசில் தொடர்ந்தது. 'ரெக்ஸ்' என்றால் மன்னர், 'ஆ. ஆ.' ஆஸ்திரியாவின் பெருங்கோமகன்.

பாலாற்றங்கரை:
இன்றைய பெயர் மட்டும் போடாதீங்க. வட ஆற்காடு என்றால் வேலூர் மாவட்டம் என்று எழுதுவது மாதிரி ஆகிவிடும். 1911 வரை அதன் தலைமையிடம் சித்தூர், ஆற்காடு இப்போது ராணிப்பேட்டை மாவட்டத்தில். கலீசியா என்று பழைய பெயர், பக்கத்தில் 'இன்று மேற்கு உக்ரைன், தென்கிழக்குப் போலந்து' என்று எழுதுங்க. பொஹீமியாவுக்கும் 'செக் நாடு' என்று மொத்தமாகப் போடக் கூடாது, அது மேற்குப் பகுதிதான். கிழக்கே மொராவியா தனி.

குடியாத்தம் காசு:
நன்றி சார். போலந்தின் மூன்றாம் சிகிஸ்முண்ட் வெள்ளிக் காசில் 'ருஸ்' என்று இருக்கிறதே, ரஷ்யாவா?

கோட்டை அகழி:
இல்லை. அது ருத்தேனியா, இன்றைய உக்ரைனின் லிவிவ் வட்டாரம். மாஸ்கோ அரசுக்கு லத்தீனில் மொஸ்கோவியா என்ற தனிப் பெயர் இருந்தது. காசில் 'யூ' இருக்க வேண்டிய இடத்தில் 'வி' வெட்டியிருக்கும், 'ருஸ்'ஸை அடுத்து வரும் 'ப்ருஸ்' பிரஷ்யா. வரி தேய்ந்திருந்தால் இரண்டும் குழம்பும், முன்னால் 'பி' இருக்கிறதா என்று லென்ஸில் பாருங்க.

இன்னொன்று: டுகாட் சீட்டில் 'மறு அச்சு' என்று சேருங்க. 1915 ஆண்டைப் போட்டே வியன்னா நாணயச்சாலை பின்னாளிலும் அடித்துவருகிறது. எடை 3.49 கிராம், தூய்மை ஆயிரத்துக்கு 986.